ஸ்டீமிலேயே இருப்பதா, ஹைவுக்குப் போவதா, சொந்தக் கடை போடுவதா?

பெரம்பூர் நண்பர் ஒருவர் போன வாரம் போன் போட்டு, "சார், ஸ்டீமிட்ல இன்னும் எழுதுறீங்களா? என் அக்கவுன்ட்டை என்ன பண்றதுன்னே தெரியல" என்றார். ஸ்டீம் என்பது ஒரு பிளாக்செயின், அதாவது பல கம்ப்யூட்டர்களில் ஒரே நகலாக ஓடும் பதிவேட்டுச் சங்கிலி; எழுத்துக்கு வோட்டு விழுந்தால் அதே பெயரில் டோக்கன் என்ற டிஜிட்டல் காசு தரும். ஸ்டீமிட் அதில் எழுதும் தளம். அவர் 2017 கடைசியில் சேர்ந்தவர். பழைய ரயில் எஞ்சின், ஸ்டேஷன், லெவல் கிராசிங் என்று எழுதுவார். நானும் அதே நேரத்தில்தான் சேர்ந்தேன். மார்கழி சபா கேன்டீன்களில் ஆரம்பித்து மெஸ், டீக்கடை, தள்ளுவண்டி என்று போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டீம் 8 டாலர் வரை ஏறிய 2018 ஜனவரியில் நாங்கள் இருவரும் மயிலாப்பூரில் ஒரு ஹோட்டலில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பதிவுக்குக் கீழே காட்டும் டாலர் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. விடவில்லை, அது பெரியவர்கள் செய்த புண்ணியம்.

இப்போது அவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. இருந்த இடத்திலேயே ஸ்டீமில் எழுதலாம். ஸ்டீமிலிருந்து பிரிந்த ஹைவுக்குப் போகலாம். ஃபார்காஸ்டர் மாதிரி புதிதாக வந்த சமூகத் தளங்களில் சேரலாம். இல்லை, பிளாக்செயினே வேண்டாம் என்று சொந்தத் தளம், யூடியூப் என்று போகலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுத்து முதலில் சொந்தத் தளத்தில், அதற்கப்புறம் ஹைவில், ஸ்டீமில் புதிதாக எதுவும் இல்லை, புது ஆப்களில் தமிழில் எழுதுகிறவருக்கு இப்போதைக்கு வேலை இல்லை.

காயின் விலையைப் பார்த்து இந்த முடிவுக்கு வரவில்லை. இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தத் தளங்களில் படிக்கிறவர் வேறு, பணம் தருகிறவர் வேறு. சபாவில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் நாலு மாமாக்கள் தாளம் போடுவார்கள், செலவை ஏற்பவர் பின்னால் தொங்கும் பேனரில் பெயர் இருப்பவர். அதே கதைதான். இங்கே ஒருவருடைய வோட்டின் மதிப்பு அவர் எவ்வளவு டோக்கனைப் பூட்டி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் பதிவை உருகி உருகிப் படிக்கிற ஆயிரம் பேரிடம் டோக்கன் இல்லை என்றால் அந்த ஆயிரம் வோட்டும் சேர்ந்து ஒரு டீக்குத் தேறாது. எங்கோ இருக்கும் ஒரு பெரிய கை, தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர், படம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு அப்வோட் போட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு. தளம் மாறுகிறது என்று சொல்கிறோமே, அதில் பெரும்பாலும் மாறுவது அந்தப் பெரிய கை யாருடையது, அவருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்: காசு யார் கையிலிருந்து வருகிறது, அந்தக் கை நாளைக்கு மாறினால் என்னிடம் என்ன மிஞ்சும்?

மாற்றம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. 2016 மார்ச்சில் தொடங்கிய ஸ்டீமில் நாங்கள் சேர்ந்தபோது பதிவுக்கு வரும் தொகையில் எழுதியவருக்கு 75 சதவீதம், வோட்டுப் போட்டவர்களுக்கு 25. 2018 செப்டம்பர் 25 அன்று ஒரு ஹார்டுஃபோர்க், அதாவது சங்கிலியின் விதிகளையே மாற்றும் அப்டேட், வந்தது. ரிசோர்ஸ் கிரெடிட் என்று, பதிவோ கமென்ட்டோ போடும்போதெல்லாம் கழிகிற ஒரு ஒதுக்கீட்டைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள், எங்களைப் போன்ற சின்னக் கணக்குகள் ஒரு கமென்ட் போடக்கூட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீமிட் கம்பெனி 70 சதவீதத்துக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. 2019 ஆகஸ்டில் 75-25 என்பது பாதிக்குப் பாதி ஆனது, கூடவே தன் வோட்டுச் சக்தி குறையாமல் தினமும் கொஞ்சம் டவுன்வோட், அதாவது பதிவின் தொகையைக் குறைக்கும் எதிர் வோட்டு, போடும் வசதியும் வந்தது. எழுதுகிறவனுக்கு இரண்டுமே அடி. பெரிய கணக்கு வைத்திருப்பவர்கள் வோட்டை விற்காமல் நல்ல பதிவைத் தேடிப் போடட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பங்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது கூட்டல் கழித்தல் கணக்கு.

அப்புறம்தான் பெரிய கூத்து. 2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பெனியை வாங்கினார். கம்பெனியிடம் இருந்த பெரிய டோக்கன் குவியலை வைத்து அவர் எதையும் மாற்றலாம் என்று பயந்து, டோக்கன் வோட்டில் தேர்வாகிச் சங்கிலியை ஓட்டும் விட்னஸ்கள் அந்தக் குவியலை முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் காயின் வாங்கி விற்கும் சில எக்ஸ்சேஞ்சுகளில் மக்கள் போட்டு வைத்திருந்த ஸ்டீமையே எடுத்து வோட்டுப் போட்டு, சன் பக்கத்தினர் விட்னஸ்களை மாற்றினார்கள். வங்கியில் நாம் போட்ட பணத்தை வைத்து வங்கி கவுன்சிலர் எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி! மார்ச் 20 அன்று பழைய ஆட்கள் மொத்தச் சங்கிலியையும் நகலெடுத்து ஹைவ் என்று தனியாகப் போனார்கள். மே மாதம் ஸ்டீம் பக்கத்தில் இன்னொரு ஹார்டுஃபோர்க்: 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமை அப்படியே எடுத்துவிட்டார்கள்.

நான் ஸ்டீமை விட்டது அந்த மே மாதம்தான். என் கணக்கு அந்த 64-ல் இல்லை, என்னிடம் எடுக்கிற அளவுக்கு எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் சாவி, அதாவது கணக்கின் ரகசியக் கடவுச்சொல், என் கையில் இருக்கும்வரை பணம் என்னுடையது என்று சொல்லித்தானே இந்தக் கடைக்குள் கூட்டிவந்தார்கள்? ஒரு முறை எடுத்தவர்கள் மறுமுறை எடுக்க மாட்டார்கள் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. இதற்காக ஹைவை உத்தமர்கள் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனியின் பங்கையும் அந்தப் பக்கம் நின்ற வேறு சில கணக்குகளின் பங்கையும் விட்டுவிட்டுத்தான் அவர்களும் நகலெடுத்தார்கள். பழைய கணக்கில் இருந்ததைப் பிடுங்கியது ஒன்று, புதிய கணக்கில் தராமல் விட்டது இன்னொன்று, எனக்கு இரண்டும் ஒரே எடை இல்லை.

ஸ்டீமில் இன்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டீமிட் குழுவின் கியூரேட்டர் கணக்குகள், அதாவது பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஆதரிப்பவை, வோட்டுப் போடும். 2021 கடைசியில் கிளப்5050 என்று ஒரு ஏற்பாடு வந்தது: வெளியே எடுப்பதற்குச் சமமாக உள்ளேயும் பூட்டி வைப்பவர்களுக்கு ஆதரவு. அதற்கு மேலே 75, 100 என்றும் கிளப் வைத்தார்கள். போட்டி, வாராந்திரத் தலைப்பு, விதிமுறை என்று ஒரு பள்ளிக்கூட ஒழுங்கு அங்கே இருக்கிறது. தினமும் எழுதுகிற பழக்கம் வேண்டும், யாராவது தலைப்புக் கொடுத்தால் நல்லது என்பவருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. மெட்ரோவுக்காக லஸ் முனையைத் தோண்டியபோது கச்சேரி ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது ஞாபகம் வருகிறது: "கடை இங்கதான் இருக்கு சார், ஆள் வர்ற வழிதான் அந்தப் பக்கம் போயிடுச்சு." என் பழைய கமென்ட் நண்பர்களில் பெரும்பாலோர் ஹைவ் பக்கம் போய்விட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஹைவ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் இங்கேதான் அதிகம்.

முதலில் காசு. பதிவின் கீழே 8 டாலர் என்று காட்டினால் அது நம் காசு இல்லை. பாதி வோட்டுப் போட்டவர்களுக்கு. மிச்சம் 4-ல் வழக்கமான அமைப்பில் பாதி ஹெச்பிடி, அதாவது ஒரு டாலரை ஒட்டி நிற்கும்படி வைத்திருக்கும் டோக்கன். மறுபாதி ஹைவ் பவர், அதாவது பூட்டிய டோக்கன். அந்தப் பூட்டைத் திறக்க 13 வாரம், வாரத்துக்கு ஒரு பங்காக வரும். ஆகவே 8 என்று பார்த்தால் 2 என்று எண்ணிக்கொள்ளுங்கள், அதுவும் ஏழு நாள் கழித்து, அந்த ஏழு நாளில் யாரும் டவுன்வோட் போடாமல் இருந்தால்.

டவுன்வோட் கதை எனக்கு நடந்தது. என் சொந்தத் தளத்தில் ஏற்கனவே போட்டிருந்த ஒரு கேன்டீன் கட்டுரையை, என்னுடையதுதானே என்று அப்படியே ஹைவில் ஒட்டினேன். இரண்டாவது நாள் எண் பூஜ்யம். திருட்டு எழுத்தைத் தேடிப் பிடிப்பவர்கள் கண்ணில் அது காப்பி. ரெண்டும் நான்தான் என்று நிரூபிக்க என் தளத்தில் ஹைவ் கணக்கின் பெயரைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்தால், ஏஐ எழுதிய குப்பை கொட்டுகிற இந்த நாளில் அப்படி ஒரு காவல் இல்லையென்றால் வெகுமதி மொத்தமும் அங்கேதான் போகும். ஆனால் பழைய சரக்கைத் திரும்பப் போட்டுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் யுனிகோடு குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்; 'கொ' என்ற ஓர் எழுத்தில் இரண்டு குறி, ஆக ஆறு பைட். ஹைவில் நாம் செலவழிக்கும் ரிசோர்ஸ் கிரெடிட்டில் பதிவின் பைட் அளவுக்கும் பங்கு உண்டு. ஆகவே அதே நீளக் கட்டுரைக்கு நாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட அதிகமாகக் கட்டுகிறோம், புதுக் கணக்கில் ஒரு நீளமான தமிழ்ப் பதிவு போட்டதும் அடுத்த கமென்ட்டுக்குக் கிரெடிட் போதவில்லை என்று வந்தால் திகைக்க வேண்டாம். அதைவிட, சங்கிலியின் ஒரு கண்ணியான பிளாக்கின் மொத்த அளவே 64 கேபிதான். 2000 வார்த்தைத் தமிழ்க் கட்டுரை சுலபமாக 50 கேபியைத் தொட்டுவிடும். கியூரேட்டர்களுக்காகக் கீழே ஆங்கிலச் சுருக்கமும் சேர்த்தால் சில நேரம் போஸ்ட் போகவே போகாது, எந்தக் காரணமும் புரியாத ஒரு சிவப்பு எச்சரிக்கை மட்டும் வரும். நான் இப்போது நீளமானவற்றை இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன். அதில் ஒரு லாபமும் உண்டு, இரண்டு பதிவுக்கும் தனித்தனி வோட்டு!

எழுத்து சங்கிலியில் நிரந்தரமாக இருக்கும் என்பது உண்மை. திருத்தினாலும் பழைய வடிவம் வரலாற்றில் கிடக்கும், ஆகவே வீட்டு விலாசம், குழந்தைகள் படம் எல்லாம் போடுமுன் இரண்டு முறை யோசியுங்கள். ஆனால் படங்கள் சங்கிலியில் இல்லை. அவை யாரோ நடத்தும் சாதாரண சர்வரில் இருக்கின்றன, அந்த சர்வர் நின்றால் என் சபா கேன்டீன் கட்டுரைகளில் வெறும் வர்ணனை மட்டும் மிஞ்சும், அசோகா அல்வாவின் நிறத்தை எத்தனை பத்தி எழுதி நிரப்புவது?

சேமிப்பில் போட்ட ஹெச்பிடிக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20 சதவீதம் தந்தார்கள், பின்னால் குறைத்தார்கள். அந்த விகிதத்தைத் தீர்மானிப்பவர்கள் விட்னஸ்கள், வட்டியும் புதிதாக அச்சடித்துத் தருவதுதான். எழுத வந்தவர் இதற்காக வர வேண்டாம் என்பேன், போஸ்டாபீஸ் ஆர்டியோடு இதை ஒப்பிட்டுப் பேசிய ஒரு சித்தப்பாவைச் சமாளித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

புதியவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃபார்காஸ்டர் நன்றாகக் கட்டப்பட்ட ஒன்று, கம்ப்யூட்டர் ஆட்கள் கூட்டம், பேச்சும் அவர்கள் பேச்சுதான். அங்கே ஒரு சாதாரணப் பதிவுக்கு வரம்பு 320 பைட். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: நூறு குறி சொச்சம், பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தை. ஒரு தலைப்பும் பெருமூச்சும் எழுதலாம். நீளப் பதிவு வசதியிலும் 1024 பைட்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் 2025-ல் வந்த கட்டணத் திட்டம், அப்போது ஆண்டுக்கு 120 டாலர். அதே 2025 டிசம்பரில் அதை நடத்தியவர்கள், சமூக வலைத்தளமாக வளர்த்துப் பார்த்தோம், சரிவரவில்லை, இனி வாலட்டை, அதாவது கிரிப்டோவை வைத்துக்கொள்ளும் ஆப்பை, முன்னிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தார்கள். வாழ்த்துகள். நான் வாலட்டுக்கு எழுதுகிறவன் இல்லை. வீடியோ பக்கம் எல்பிஆர்ஒய் என்று ஒரு பிளாக்செயின் தளம் இருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2021-ல் போட்ட வழக்கில் தோற்று 2023-ல் கம்பெனி கடையைக் கட்டியது. சங்கிலி நின்றாலும் நிற்காவிட்டாலும் அதைச் சுற்றி வேலை பார்க்கும் கம்பெனி நின்றுபோவது சகஜம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாலாவது வழிக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பர ஏற்பாடான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது, அதற்கு முன் தமிழ்த் தளத்தில் விளம்பரம் போடுவதே திருட்டுத்தனமாகச் செய்யும் காரியம் மாதிரி இருந்தது. இப்போது போடலாம், ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், என் தளத்துக்கு முதல் 100 சேரப் பதினான்கு மாதம் ஆனது. சிரிக்காதீர்கள். அந்தப் பணம் தந்தவர்கள் யார் என்று பார்த்தால், "திருவல்லிக்கேணி மெஸ்" என்று கூகுளில் தேடி வந்து படித்த நிஜமான மனிதர்கள், அதில் சிலர் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு சாம்பார் முன்ன மாதிரி இல்லை என்று எனக்கே மெயில் போட்டு சண்டை பிடித்தவர்கள். ஹைவில் இந்த மெயில் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கிடைத்தால் நீள வீடியோவில் 55 சதவீதம் நமக்கு. ஹைவின் பாதியைவிட மேல்தான், ஆனால் நான் கேமரா முன்னால் நின்றால் பார்க்கிறவர்களுக்குப் பசி போய்விடும். பெரம்பூர்க்காரருக்கு அது சரிப்படும், ரயில் சத்தத்துக்கு ரசிகர்கள் உண்டு.

சொந்தத் தளத்துக்குச் செலவு உண்டு, டொமைன், ஹோஸ்டிங் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் காணாமல் போகும். ஆனால் வாசகர் மெயில் பட்டியல் என் கையில். யார் எந்தக் கம்பெனியை வாங்கினாலும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்.

வரியைப் பார்க்காமல் இந்த ஒப்பீடு முடியாது, பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய விலையைத் தவிர கேமரா, நெட், பயணம் எதையும் செலவாகக் காட்டவும் முடியாது. ஆட்சென்ஸ் பணம் தொழில் வருமானமாகப் போகிறது, அதில் இந்தச் செலவெல்லாம் கழியும். எழுதிச் சம்பாதித்த டோக்கனுக்கு வாங்கிய விலை எது என்று என் ஆடிட்டரிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அன்றைய விலையில் வருமானமாகக் காட்டிவிட்டு அதையே அடக்க விலையாக வையுங்கள் என்றார், நானும் ஒவ்வொரு வாரமும் அன்றைய விலையை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு வேலையா என்று வீட்டில் கேட்கிறார்கள், கேள்வி நியாயமானது. உங்கள் ஆடிட்டர் வேறு சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு. எக்ஸ்சேஞ்சில் மாட்டிக்கொண்ட ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு அது.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹைவை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது மெமோ என்று ஒரு கட்டம் இருக்கும், அவர்கள் தரும் எண்ணை அதில் போட வேண்டும். நான் ஒரு முறை போடவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது, என் கணக்கில் மட்டும் வரவில்லை. டிக்கெட் போட்டு, ஆதார் அனுப்பி, செல்ஃபி அனுப்பி, ஐந்து வாரம் கழித்து வந்தது. முதல் முறை பத்து ரூபாய் அளவு அனுப்பிப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அப்ப ஹைவ்ல புதுசா அக்கவுன்ட் எப்படித் திறக்கிறது?" என்றார். திறக்கவே வேண்டாம். 2020 மார்ச் 20-க்கு முன் ஸ்டீமில் இருந்த கணக்குகள், பதிவுகள், சாவிகள் எல்லாம் அப்படியே அங்கேயும் நகலாகியிருக்கின்றன, அன்று அவரிடம் எத்தனை ஸ்டீம் இருந்ததோ அத்தனை ஹைவும் இந்த ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய சாவி இருந்தால் போதும். போஸ்டிங் கீ மட்டும் இருந்தால் எழுதலாம், காசை நகர்த்த ஆக்டிவ் கீ வேண்டும்.

போனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, 2017 டைரியில் எழுதி வைத்ததாகவும், பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றியதாகவும் சொன்னார். நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார், ஏணியும் தூசியும் திறந்த மூன்று அட்டைப்பெட்டிகளும். டைரி இன்னும் கிடைக்கவில்லை.